வந்தோர் நல வாரியத்தின் சிவப்புச் சோபா

அந்த விமான நிலையத்திலிருந்து கடலோர விடுதிக்குப் போவது ரொம்பச் சுலபம். வாசலை விட்டு இறங்கி ஒரு சாலையைத் தாண்டினால் விடுதியின் மதில் வந்துவிடும். நாய்கள் போய்வருகின்றன. காக்கைகள் போய்வருகின்றன. விடுதி மாடியில் காயப்போட்ட துண்டு ஒன்று காற்றில் பறந்து விமான நிலையத்துக்கு வந்து, காற்று திரும்பியதும் தானாகவே ஊர் போய்ச் சேர்ந்ததாகவும் சொல்கிறார்கள். விமானத்தில் வந்து இறங்கியவர்களுக்கு மட்டும்தான் கொஞ்சம் சிரமம். ஏனென்றால் அவர்களுடைய நலனைக் கவனித்துக்கொள்ள அங்கே ஒரு வாரியம் இருந்தது.

கண்ணாடிக்கடைக்காரருக்கு இந்த வாரியத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் மூக்குக்கண்ணாடியும் சகலையும்தான். மூக்குக்கண்ணாடி அவருக்குச் சோறு போட்டது. சகலை அந்தச் சோறு செரிக்காமல் பார்த்துக்கொண்டார்.

சகலை என்றால் மனைவியுடைய அக்கா வீட்டுக்காரர். டயர்க்கடை வைத்திருந்தார். கெட்டவர் என்று சொல்ல முடியாது, அதுதான் பெரிய தொந்தரவு. கெட்டவராக இருந்தால் நன்றாகத் திட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். இவரோ வாய் நிறைய விசாரிப்பார், நல்லது கெட்டதுக்கு முதல் ஆளாக வந்து நிற்பார், கண்ணாடிக்கடைக்காரர் எதை வாங்கினாலும் முந்தின வாரமே அதைவிடப் பெரிதாக ஒன்றை வாங்கியும் வைத்திருப்பார். இவர் ஃபிரிட்ஜ் வாங்கினால் அங்கே இரண்டு கதவு ஃபிரிட்ஜ். இவருக்குப் பல்லில் சொத்தை என்றால் அவருக்கு வேர் வரைக்கும் போய் சிகிச்சை. ஒரு பல்வலியில்கூடத் தன்னை முந்தவிடவில்லையே என்று கண்ணாடிக்கடைக்காரர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு புழுங்கியிருக்கிறார்.

இந்த நெருப்புக்கு எண்ணெய் வார்த்தவர் மாமனார். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊதல் போனாலும் ஊதுகிற ஆசை போகவில்லை. இரண்டு மகள்களையும் மருமகன்களையும் கடலோர விடுதிக்கு வரவழைத்துவிட்டு, தான் இரண்டு நாள் முன்னதாகவே போய் வரவேற்பறையில் சாவிகளோடு உட்கார்ந்துகொண்டார். ஒரு அறை கடலைப் பார்த்தது. இன்னொரு அறை துணி துவைக்கிற கூடத்தைப் பார்த்தது. முதலில் வந்து தன் கையிலிருந்து சாவி வாங்குகிறவருக்குக் கடல் என்று போனிலேயே அறிவித்திருந்தார்.

கண்ணாடிக்கடைக்காரரின் மனைவி வங்கியில் பெட்டக அறைக்குப் பொறுப்பாளி. தரைக்குக் கீழே, ஜன்னல் என்று ஒன்றே இல்லாத அறை. வெளியே மழையா வெயிலா என்பது வருகிறவர்களின் செருப்பைப் பார்த்தால்தான் அவளுக்குத் தெரியும். கல்யாணமான நாளிலிருந்து அவள் வாய்விட்டுக் கேட்டது ஒன்றே ஒன்று: கட்டிலில் படுத்தபடியே கடல் தெரிகிற ஒரு ஜன்னல். இந்தத் தடவை கண்ணைத் திறந்தால் கடல்தான் என்று அவர் வாக்குக் கொடுத்திருந்தார். கொடுக்கும்போது மனப்பூர்வமாகத்தான் கொடுத்தார்.

இரண்டு ஜோடியும் ஒரே விமானத்தில் வந்தார்கள். சகலை முன்னால், காலை நீட்டிக்கொண்டு. இவர்கள் பின்னால், கழிவறைக் கதவுக்குப் பக்கத்தில். அதைக்கூட அவர் பொறுத்துக்கொண்டார். இறங்கி வெளியே வரும் கூடத்தில்தான் பொறுக்க முடியாத காட்சி. வெள்ளை உடுப்பும் தொப்பியுமாக ஒரு டிரைவர் நின்றிருந்தார். அவர் கையில் சகலையின் பெயர் எழுதிய பலகை. எழுத்து ஒவ்வொன்றும் கையகலம். சகலை தன் பெயரைத் தானே முதல் தடவை படிப்பதுபோல நின்று நிதானமாகப் படித்து ரசித்தார்.

"ஏறுப்பா. நம்ம வண்டியிலேயே போயிடலாம். பின்னாடி இடம் சும்மாதான் கிடக்கு" என்றார் சகலை.

சும்மா கிடக்கிற இடத்தில் உட்கார வேண்டும். அதுவும் பின்னாடி. முன்னாடி இருப்பவர்தான் முதலில் இறங்குவார், முதலில் இறங்குகிறவருக்குத்தான் சாவி. எல்லாவற்றுக்கும் மேலாக அந்தப் பலகை. கண்ணாடிக்கடைக்காரருக்கு அடிவயிறு பற்றி எரிந்தது.

"இல்லண்ணே, நீங்க கிளம்புங்க. எங்களுக்கும் ஆள் வர்றாங்க" என்று சொல்லிவிட்டார்.

மனைவி திரும்பி அவரை ஒரு பார்வை பார்த்தாள். யார் வருகிறார்கள் என்று அவள் கேட்பதற்குள் சகலையும் அக்காவும் வண்டியேறிவிட்டார்கள். அவருடைய திட்டம் எளிமையானது. வண்டி கண் மறைந்ததும் ஒரு டாக்சியைப் பிடித்து, முந்திக்கொண்டு போய், சாவியை வாங்கிவிடுவது. பெட்டியை இழுத்துக்கொண்டு வாசலை நோக்கி விரைந்தார்.

வாசலில் ஒரு அம்மாள் கைகுவித்து வழி மறித்தார். நீல உடுப்பு, மார்பில் பதக்கம் மாதிரி ஒரு வில்லை, முகத்தில் சிரிப்பு. வந்தோர் நல வாரியத்தின் நல அதிகாரி என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார்.

"ஆள் வர்றாங்கன்னு சொன்னது என் காதுல விழுந்துது சார். வந்துட்டாங்களா?"

வரவில்லை, தாங்களே போய்க்கொள்கிறோம் என்றார் இவர். அம்மாளின் முகம் நிஜமாகவே வாடியது. ஒருவரை நம்பி இன்னொருவர் கிளம்பி வந்துகொண்டிருக்கும்போது, இவர் பாட்டுக்குப் போய்விட்டால் வருகிறவர் மனசு என்ன பாடுபடும் என்று கேட்டார். வரவேற்க ஆள் உள்ளவர் அந்த ஆளோடுதான் வெளியேறலாம். ஆள் இல்லாதவரை வாரியமே வரவேற்று அனுப்பும். இவர் எந்த வகை என்பதைத் தன் வாயாலேயே சொல்லிவிட்டதால், அதில் வாரியம் தலையிட முடியாது.

"விடுதி இதோ தெரியுதேம்மா. நடந்தே போயிடுவோம்."

"நடக்கிறது ஒரு ஏற்பாடு இல்லையே சார்" என்றார் அதிகாரி, குழந்தைக்குச் சொல்வதுபோல. "அது ஏற்பாடு எதுவும் இல்லாதப்போ நடக்கிறது."

அவர்களைக் கொண்டுபோய் ஒரு சிவப்புச் சோபாவில் உட்கார வைத்தார்கள். எதிரே சுவர் முழுக்கக் கண்ணாடி. கண்ணாடிக்கு வெளியே டாக்சிகள், பக்கத்து ஊர்களுக்குப் போகிற வாரியத்து பஸ்கள், சாலை, சாலைக்கு அந்தப் பக்கம் விடுதி. விடுதியின் நீச்சல் குளம் கூப்பிடு தூரத்தில் பளபளவென்று தெரிந்தது. பஸ் ஒன்று வந்து நின்று, காலியாகவே புறப்பட்டுப் போனது. டிரைவர் போகிற போக்கில் உள்ளே இருந்தவர்களுக்குக் கையசைத்தார். பக்கத்து இருக்கையில் ஒரு தேனிலவு ஜோடி. வந்ததிலிருந்து இங்கேயே இருந்ததில் முதல் சண்டை போட்டு, பேசாமல் இருந்து, சமாதானமும் ஆகியிருந்தார்கள்.

கண்ணாடிக்கடைக்காரர் பஸ்ஸைக் காட்டி, அது ஏன் காலியாகவே போகிறது என்று கேட்டார். அதிகாரிக்குப் பெருமை தாங்கவில்லை.

"வாரியம் ஆரம்பிச்ச நாள்லருந்து எங்க பஸ்ல கூட்டம்னு ஒரு புகார் வந்தது கிடையாது சார். டாக்சிக்காரன் ஏமாத்திட்டான், வழி தெரியாம அலைஞ்சேன், வெயில்ல மயங்கி விழுந்தேன், எதுவுமே கிடையாது. முன்னாடியெல்லாம் பயணிங்க வெளியில போவாங்க. எவ்வளவு கஷ்டப்பட்டாங்க தெரியுமா?"

கண்ணாடிக்கடைக்காரரோ குளத்தங்கரையில் மஞ்சள் நிக்கரோடு ஒரு தொந்தி வந்து நின்றதைப் பார்த்துக்கொண்டிருந்தார். சகலையேதான். அப்படியானால் சாவி போய்விட்டது. சகலை தண்ணீரில் ஒரு காலை விட்டு, சிலிர்த்து, மறுகாலையும் விட்டார். கண்ணாடிக்கடைக்காரருக்குத் தன் காலில் சுடுதண்ணீர் ஊற்றினாற்போல் இருந்தது. கடன்காரன், இறங்குவதற்குள் குளித்தாகிவிட்டது என்று முணுமுணுத்தார். சகலைக்கு அவர் ஒரு பைசா கடன் கொடுத்ததில்லை. கொடுத்திருந்தாலும் வட்டியோடு திருப்பித் தந்து வயிற்றெரிச்சலைக் கூட்டியிருப்பார் அந்த மனுஷர்.

மனைவி மெல்லச் சொன்னாள். "யாரும் வரலன்னு உண்மையச் சொல்லிடுங்க. போயிடலாம்."

எழுந்து போய்ச் சொன்னார். தன்னை வரவேற்க யாருமே இல்லை என்று அத்தனை பேர் நடுவில் சொல்வது அவருக்கு நாக்கைப் பிடுங்குவதுபோல இருந்தது. ஆனால் அதிகாரி அதைக் கேட்டு நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். சற்று முன்வரை வந்துகொண்டிருந்த ஒரு ஆள் இப்போது இல்லை என்றால், காணாமல் போய்விட்டார் என்றுதானே அர்த்தம். உடனே ஒலிபெருக்கிக்காரர் வரவழைக்கப்பட்டார். காணாமல் போனவரின் அடையாளம் சொல்லுங்கள் என்றார்கள்.

இந்த இடத்தில் புத்தியுள்ளவன் அப்படி ஒரு ஆளே கிடையாது என்று சாதித்திருப்பான். கண்ணாடிக்கடைக்காரர் குளத்துப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். சகலை மல்லாந்து மிதந்துகொண்டிருந்தார்.

"நல்ல உயரம்" என்றார் இவர். "அந்த டிரைவரைவிட ஒரு சாண் அதிகம் இருக்கும். வெள்ளை உடுப்பு. தங்கப் பொத்தான். தொப்பியும் உண்டு. வண்டி கொஞ்சம் நீளமான வண்டி, சாதாரணமா இந்தப் பக்கம் வராத வண்டி."

மனைவி நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். ஒலிபெருக்கி அந்த இல்லாத மனிதனைக் கூடம் முழுக்கக் கூவி அழைத்தது. கேட்கக் கேட்கக் கண்ணாடிக்கடைக்காரருக்கே அவன்மேல் ஒரு பாசம் வந்துவிட்டது, எங்கே மாட்டிக்கொண்டானோ என்று கவலைகூடப்பட்டார்.

அவன் கிடைக்கும்வரை ஒரு மாற்று ஏற்பாடும் இருந்தது. இடைக்கால வரவேற்பு. அதற்கு வாரியத்தின் ஊழியர்கள் வந்து வரிசையாக நின்றார்கள். பூங்கொத்து பிடிக்க ஒருவர், வெளியே இறங்கும்போது குடை பிடிக்க ஒருவர், கைதட்ட இரண்டு பேர், கைதட்டுகிறவர்களைக் கவனிக்க ஒருவர். ஓவியர் ஒருவர் அவருடைய பெயரைப் பலகையில் எண்ணெய் வண்ணத்தில் எழுதினார். எழுதி முடித்ததும் எல்லாரும் அதைச் சுற்றி நின்று ஊதினார்கள். பெயர் காயாமல் ஆள் வெளியே போகக் கூடாது. கடல் காற்றில் ஈரம் இருப்பதால் காயக் கொஞ்சம் நேரமாகும். வண்ணத்தை ஏன் மாற்றக் கூடாது என்று மனைவி கேட்டதற்கு, காற்றை மாற்றச் சொல்லி மேலிடத்துக்கு எழுதியிருக்கிறோம் என்று பதில் வந்தது.

காய்கிற நேரத்தில் ஒத்திகை நடந்தது. பூங்கொத்துக்காரர் குனிந்தார், குடைக்காரர் விரித்தார், இரண்டு பேர் தட்டினார்கள். கண்ணாடிக்கடைக்காரர் வேண்டாவெறுப்பாகத்தான் நின்றார். தற்செயலாகக் குளத்துப் பக்கம் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

சகலை தண்ணீரைவிட்டு எழுந்து கரைக்கு வந்திருந்தார். நெற்றிக்கு மேலே கையைக் குடையாக வைத்து இந்தப் பக்கமே பார்த்தார். பிறகு நாற்காலியில் துழாவிக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். அது தூரப் பார்வைக்காகக் கண்ணாடிக்கடைக்காரர் தன் கையாலேயே செய்து கொடுத்தது. கடையிலேயே உயர்ந்த லென்ஸ். அன்றைக்கு அதைச் சலுகை விலையில் கொடுக்க நேர்ந்ததை நினைத்து நினைத்து வருந்தியவருக்கு, இப்போது அந்த லென்ஸின் துல்லியத்தில் அளவில்லாத மகிழ்ச்சி. நன்றாகப் பார், ஒன்று விடாமல் பார் என்று மனசு துள்ளியது. சோபாவில் சாய்ந்து உட்கார்ந்து காலின்மேல் கால் போட்டுக்கொண்டார்.

பலகை காய்ந்துவிட்டது என்று அதிகாரி வந்து சொன்னபோது, மனைவி பெட்டியோடு எழுந்து நின்றாள்.

"ஒத்திகை இன்னொரு தடவை பார்த்துடலாமா?" என்றார் கண்ணாடிக்கடைக்காரர். "கண்ணாடிச் சுவர் பக்கமா திரும்பி நின்னு."

அதிகாரியின் கண் கலங்கிவிட்டது. எத்தனையோ பயணிகளுக்கு ஓடி ஓடிச் செய்திருக்கிறார், இன்னொரு தடவை என்று கேட்ட முதல் மனிதர் இவர்தான். மறுபடி குனிந்தார்கள், விரித்தார்கள், தட்டினார்கள். தட்டின உற்சாகத்தில் யாரோ பலகையில் கை வைத்துவிட, மேலாக மட்டுமே காய்ந்திருந்த பெயர் இழுபட்டுப்போனது. ஓவியர் டப்பாவைத் திறந்தார். எல்லாரும் மறுபடி ஊத ஆரம்பித்தார்கள்.

மனைவி பெட்டியைக் கீழே வைத்தாள். கோபமாகப் பேசியிருந்தால் அவரும் ஏதாவது பதில் சொல்லியிருப்பார். அவள் சாதாரணமாகத்தான் பேசினாள்.

"நான் கடலைப் பாக்க வந்தேன். நீங்க அத்தானைப் பாக்க வந்திருக்கீங்க."

அவருக்குச் சுருக்கென்று தைத்தது. தைத்ததை மறைக்க மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து மாட்டிப் பார்த்தபோது குளத்தங்கரையில் சகலையைக் காணவில்லை. பார்க்க ஆளில்லாத வரவேற்பு சட்டென்று வெறும் கூத்தாகத் தெரிந்தது. குடைக்காரர் கொட்டாவி விட்டார்.

அப்போதுதான் வெளி வாசலில் சலசலப்பு. விடுதியின் வெள்ளைக் குளியல் அங்கி, பனையோலைத் தொப்பி, ஈரக் கால், மூக்கில் அந்தக் கண்ணாடி. சகலை சாலையைத் தாண்டி நடந்தே வந்திருந்தார். வெளியிலிருந்து உள்ளே வருவதற்கு அங்கே தடை கிடையாது, யாரும் வந்ததில்லை என்பதால் தடை போடத் தோன்றவில்லை. வெள்ளை உடுப்பையும் தொப்பியையும் பார்த்ததும் ஒலிபெருக்கிக்காரர் கத்தாத குறைதான், காணாமல் போனவர் கிடைத்துவிட்டார் என்று. உயரம் ஒரு முழம் குறைகிறதே என்ற சந்தேகத்தை, அலைச்சலில் இளைத்திருப்பார் என்று அதிகாரி தீர்த்து வைத்தார்.

சகலை நேராகக் கண்ணாடிக்கடைக்காரரிடம் வந்தார். மூச்சு வாங்கியது. முகத்தில் வழக்கமான சிரிப்பு இல்லை.

"உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்பா. எனக்கு ஒரே ஒரு டிரைவர். உனக்கு எத்தனை பேருன்னு எண்ணிப் பாத்து எண்ணிப் பாத்து, குளத்துல கால் வைக்கப் பிடிக்கல. குடை வேற. ரெண்டு தடவை கை தட்டுனாங்க, நான் பாத்தேன். இதுக்கு எங்க சொல்லி வைக்கணும்?"

கண்ணாடிக்கடைக்காரர் வாழ்நாளில் இப்படி ஒரு இனிமையை அனுபவித்ததில்லை. இந்த மனுஷரின் வயிறும் எரியும் என்பது அவருக்குத் தெரியவே தெரியாது. சும்மா ஒரு சின்ன ஏற்பாடுதான் அண்ணே என்றார், அலட்சியமாக.

"நீ எழுந்துக்கோ. இந்த இடத்தை எனக்கு விடு" என்றார் சகலை. அங்கிப் பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார். மரக்கட்டையில் கோத்த சாவி. "கடல் பக்கத்து ரூம். நீயே வெச்சுக்கோ. நாங்க துணி துவைக்கிற பக்கம் போய்க்கிறோம்."

இதற்காகத்தானே வந்தது. கையை நீட்டி வாங்க வேண்டியதுதான். ஆனால் கண்ணாடிக்கடைக்காரரின் கை பாதியில் நின்றது. கடல் அறையையே விட்டுக்கொடுக்கிறார் என்றால், இந்தச் சோபாவில் தனக்குத் தெரியாத பெரிய விசேஷம் ஏதோ இருக்கத்தான் வேண்டும். டயர்க்கடைக்காரர் நஷ்டத்துக்கு வியாபாரம் பண்ணுகிற ஆளா? தானே ஏமாந்து எழுந்திருக்கப் பார்க்கிறோமோ? சோபாவின் கைப்பிடியை அவர் இன்னும் கொஞ்சம் அழுத்திப் பிடித்தார்.

மனைவி எழுந்து வந்து சகலையின் கையிலிருந்து சாவியை வாங்கிக்கொண்டாள். "ரொம்ப நன்றி அத்தான்" என்றாள்.

மற்றதை அதிகாரி சிக்கலில்லாமல் முடித்தார். வரவேற்பாளர் கிடைத்துவிட்டதால் இவர்கள் இரண்டு பேரும் வரவேற்கப்பட்டவர்கள். தாராளமாகப் போகலாம். வரவேற்பாளரோ உள்ளே வந்துவிட்டதால் அவரும் வந்தவர். வந்தவரின் நலன் வாரியத்தின் பொறுப்பு. வெளியிலிருந்து தானாக ஒருவர் உள்ளே வந்து கேட்கிறார் என்பதை நினைத்து நினைத்து அதிகாரி கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். வாரியத்தின் சேவை வெளியுலகத்துக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது என்று ஊழியர்களிடம் நாலு வார்த்தை பேசினார். சகலை சிவப்புச் சோபாவில் உட்கார்ந்து, உடம்பை இப்படியும் அப்படியும் அசைத்துச் சரிபார்த்துக்கொண்டார்.

விடுதி வரவேற்பறையில் மாமனார் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். சின்ன மகள் கையில் கடல் அறைச் சாவியைக் கண்டதும், பந்தயத்தில் ஏதோ முறைகேடு நடந்திருக்கிறது என்றார். அக்கா, அவர் எங்கே என்று கேட்டாள். வரவேற்பு நடக்கிறது என்று தங்கை சொன்னதும், அப்படியானால் கொஞ்சம் தூங்கலாம் என்று அக்கா துணி துவைக்கிற பக்கத்து அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கடல் பக்கத்து அறையில் கட்டிலுக்கு எதிரே சுவரகல ஜன்னல். மனைவி செருப்பைக்கூடக் கழற்றாமல் போய்த் திரையை ஒதுக்கினாள். கடல் அப்படியே உள்ளே வந்தது. வெயில் சாய்கிற நேரம், அலை நுனியெல்லாம் வெளிச்சம். அவள் கட்டிலில் படுத்துப் பார்த்தாள். படுத்தாலும் தெரிந்தது. கண்ணை மூடித் திறந்து பார்த்தாள். அப்போதும் இருந்தது. சத்தமில்லாமல் சிரித்தாள். அவளுக்கு அழுகையும் வந்தது.

"இங்க வந்து பாருங்களேன்" என்றாள்.

அறையின் பக்கவாட்டில் கைக்குட்டை அளவுக்கு இன்னொரு ஜன்னல் இருந்தது. அதன் வழியாகச் சாலை தெரிந்தது, சாலைக்கு அந்தப் பக்கம் விமான நிலையத்துக் கூடம் தெரிந்தது. உள்ளே விளக்கு போட்டுவிட்டதால் எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. கண்ணாடிக்கடைக்காரர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, அந்த ஜன்னலில் முகத்தை வைத்து நின்றிருந்தார்.

"அவருக்கு ஜூஸ் கொடுத்திருக்காங்க" என்றார். "நமக்குத் தண்ணிகூடக் கொடுக்கல."

மனைவி படுத்தபடியே அலைகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"குடையைப் பாரு. ஓரத்துல குஞ்சம் தொங்குது. எனக்கு விரிச்ச குடையில குஞ்சம் இல்ல. நல்லாப் பாத்தேன், இல்ல."

வெளியே ஒரு பெரிய அலை வந்து உடைந்தது. அவள் தலையணையைச் சரிசெய்து, கடல் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

"போறதுன்னா போயிட்டு வாங்க" என்றாள், திரும்பாமலே. "சாவி எங்கிட்டயே இருக்கட்டும்."

அவர் ஏற்கெனவே செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.